பூனைகளின் ஊரிலிருந்து புறப்பட்ட ரயில்

அண்ணன் மகளுக்குப் பத்து வயது. போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் அவளுக்கு ஜப்பானிய அனிமேஷன் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். விண்வெளி, ரயில், பூனை என்று மூன்று வார்த்தைதான் சொன்னேன். ஓடி வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் அரை மணி நேரம் நெளிந்துகொண்டே இருந்தாள். ரயில் வந்ததும் நெளிவது நின்றது. ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "சித்தப்பா, அந்த ஊர்ல எல்லாரும் பூனைதானே. இப்ப ஏறுற இவங்க மட்டும் ஏன் மனுசங்களா இருக்காங்க?"

அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் படத்தை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று பிறகு தோன்றியது. ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வேளாண்மை வாத்தியார், அவருடைய தங்கை, ஒரு குறுகிய ரயில் பாதை, மூழ்கிப்போன ஒரு கப்பல் என்று பல இடங்களுக்குப் போய் வர வேண்டும்.

படத்தின் பெயர் 'கிங்கா தெட்சுடோ நோ யோரு'. 'பால்வீதி ரயிலின் இரவு' என்று தமிழில் சொல்லலாம். 1985 ஜூலை 13 அன்று ஜப்பானில் வெளியானது. தயாரித்தது குரூப் டாக் என்ற அனிமேஷன் நிறுவனம், இயக்கியவர் கிசபுரோ சுகீ. அதே வருடம் மார்ச்சில் டோரேமான் வரிசையிலும் ஒரு விண்வெளிப் படம் வந்திருந்தது. வேற்றுக் கிரகத்தின் குட்டி அதிபர், ஆட்சியைப் பறித்த சர்வாதிகாரி, பொம்மை டாங்கியில் ஏறிப் போருக்குப் போகும் பிள்ளைகள் என்று அது முழுக்க முழுக்கச் சாகசம். அதற்கு முன்பே, 1979ல், விண்ணில் பறக்கும் நீராவி ரயிலை வைத்து வந்த 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' நாட்டையே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. அந்த ரயிலுக்கும் மூலம் நாம் பேசப்போகும் கதைதான். ஆக, ஜப்பானியப் பிள்ளைகளுக்கு விண்வெளியும் புதிதில்லை, விண்வெளி ரயிலும் புதிதில்லை. சுகீயின் படத்தில் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கக்கூடியது, அங்கே சண்டை இல்லை, வில்லன் இல்லை, ரோபோ இல்லை என்பதுதான். பாதி நேரம் பேச்சுகூட இல்லை.

கதை சின்னது. ஜியோவான்னி ஏழைப் பையன். அம்மா நோயாளி. அப்பா கடலுக்குப் போனவர், வெகு நாளாகத் தகவல் இல்லை. சிறையில் இருக்கிறார் என்று ஊரில் பேச்சு. பள்ளி விட்டதும் அச்சகத்தில் வேலை. சாமணத்தை வைத்துக்கொண்டு தானிய மணி அளவே இருக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கித் தட்டில் சேர்க்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவனைப் 'பூதக்கண்ணாடி' என்று கேலி செய்கிறார்கள். கூலியாகக் கிடைக்கும் சின்ன வெள்ளிக் காசில் ரொட்டியும் சர்க்கரைக் கட்டிகளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். அன்று ஊரில் திருவிழா. புடலை இனத்துக் காட்டுக்காயைக் குடைந்து விளக்காக்கி ஆற்றில் விடும் நாள். பையன்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போக, இவன் மட்டும் வீட்டுக்கு வராமல் போன பாலைக் கேட்டு வாங்கப் பண்ணைக்குப் போகிறான். பால் கிடைக்கவில்லை. வழியில் பையன்கள் அப்பாவை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கம்பனெல்லாவும் நிற்கிறான். அவன் மட்டும் கிண்டல் செய்யவில்லை, பாவமாகப் பார்க்கிறான். ஜியோவான்னி தனியே மலையேறிப் புல்லில் படுத்துக்கொள்கிறான். அங்கே ரயில் வருகிறது. உள்ளே எதிர் இருக்கையில் கம்பனெல்லா.

இரண்டு பேரும் பால்வீதியின் கரையோரமாகவே பயணம் போகிறார்கள். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத வழியே இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்: அது இறந்தவர்கள் போகும் ரயில். அன்றிரவு ஆற்றில் தவறி விழுந்த பையனைக் காப்பாற்றக் குதித்த கம்பனெல்லா கரையேறவில்லை. உயிரோடு அந்த ரயிலில் ஏறித் திரும்பி வந்தவன் ஜியோவான்னி மட்டும்தான்.

மூலக் கதையை எழுதியவர் கென்ஜி மியாசாவா. 1896ல் ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாநிலத்தில் ஹனமாக்கி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அடகுக்கடையும் பழைய துணி வியாபாரமும் நடத்தியவர். விளைச்சல் பொய்த்த வருடங்களில் குடியானவர்கள் சட்டிப்பானையைக் கொண்டுவந்து அடகு வைக்கும் வீட்டிலேயே வளர்ந்த கூச்சம் மியாசாவாவைக் கடைசிவரை விடவில்லை. மண்ணியல் படித்தார், வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியரானார், பிறகு அதையும் விட்டுவிட்டு விவசாயிகளுக்கு எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தாமரைச் சூத்திரத்தில் ஆழ்ந்த பௌத்தர். உயிரோடு இருந்தபோது வெளிவந்த புத்தகங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் 1924ல். 1933ல் 37 வயதில் இறந்தபோது ஊருக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் கொஞ்சம். இந்த ரயில் கதை அச்சில் வந்தது 1934ல்.

அவருக்கு இரண்டு வயது இளைய தங்கை தோஷி. அண்ணன் எழுதியதைப் புரிந்துகொண்டு வாசித்த முதல் ஆள் அவள்தான். காசநோய். 1922 நவம்பர் 27 அன்று, 24 வயதில் போய்விட்டாள். அன்று காலை வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்தவள் அதில் கொஞ்சம் எடுத்து வரச் சொல்கிறாள். அண்ணன் இரண்டு பழைய பீங்கான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கும் கவிதை ஒன்று அந்த ஓட்டத்தைப் பற்றியது.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் கவிதை எழுதவில்லை. 1923 ஜூலை கடைசியில் வடக்கே கிளம்பினார். மாணவன் ஒருவனுக்கு வேலை கேட்டு சகாலின் தீவுக்குப் போவதாகக் காரணம். ரயில், அப்புறம் கப்பல், மறுபடி ரயில், மறுபடி கப்பல். தெற்கு சகாலின் அப்போது ஜப்பான் வசம் இருந்தது. ரயில் போகும் கடைசி ஊரான சகாயேஹமா வரை போய்க் கடற்கரையில் நின்றார். அந்தப் பயணத்தில் எழுதிய கவிதைகளைப் படித்தால் வேலை விஷயமெல்லாம் சாக்கு என்று தெரிந்துவிடும். இறந்துபோனவள் எந்தத் திசையில் போனாள், எங்கே இருக்கிறாள், ஒரு சேதியாவது வராதா என்றுதான் இரவு ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊர் திரும்பிய அடுத்த வருட வாக்கில் பால்வீதி ரயிலை எழுதத் தொடங்கினார். சாகும்வரை திருத்திக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. கையெழுத்துப் படியில் சில தாள்களையே காணோம்.

அந்தத் திருத்தங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் படத்தின் போக்கைத் தீர்மானித்ததே அவைதான். கதைக்கு நான்கு வடிவங்கள் இருந்தன. முந்தைய வடிவங்களில் புல்கனீரோ என்று ஒரு டாக்டர் வருவார். கடைசியில் அவர் ஜியோவான்னியைச் சந்தித்து, நீ கண்டதெல்லாம் நான் நடத்திய பரிசோதனை என்று விளக்கி, வாழ்க்கைக்கு நல்ல புத்தியும் சொல்லி அனுப்புவார். நான்காவது வடிவத்தில் மியாசாவா அந்த டாக்டரை அப்படியே வெட்டி எறிந்துவிட்டார். அவருக்குப் பதிலாக முன்பக்கம் வகுப்பறை, அச்சகம், வீடு என்று மூன்று காட்சிகள் சேர்ந்தன. பின்பக்கம் ஆற்றங்கரை வந்தது. எடுத்தது விளக்கத்தை, போட்டது ஈய எழுத்தையும் ரொட்டியையும். எழுத்தாளர்கள் இதைச் செய்ய ஒரு ஆயுள் தேவைப்படுகிறது போலிருக்கிறது.

இந்த நான்கு வடிவங்களும் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்பது தாள்களையும் மையையும் பென்சில் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எழுபதுகளில்தான் தெளிவானது. அதுவரை வந்த பதிப்புகளில் டாக்டர் பகுதியும் ஆற்றங்கரைப் பகுதியும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. படக்குழுவின் கையில் இருந்தது தெளிவான பிரதி. 1985 படத்தில் டாக்டர் கிடையாது.

திரைக்கதை எழுதியவர் மினோரு பெட்சுயாக்கு. குழந்தைப் படத்துக்கு இப்படியொரு ஆளைக் கூப்பிடலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஜப்பானில் அபத்த நாடகத்தை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் அவர். அவர் நாடகம் என்றாலே வெற்று மேடை, அதில் ஒரே ஒரு மின்கம்பம், கீழே இரண்டு பேர் நின்று முக்கியமில்லாத எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். பால்வீதி ரயிலின் காலிப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பையன்களைப் பாருங்கள். மின்கம்பம் ஒன்றுதான் குறை.

இப்போது பூனைகளுக்கு வரலாம். மியாசாவாவின் கதையில் ஜியோவான்னியும் கம்பனெல்லாவும் மனிதப் பிள்ளைகள். பெயர்கள் இத்தாலியப் பெயர்கள், ஊர் எந்த நாட்டு ஊரென்று தெரியாது. (பழைய இத்தாலியத் தத்துவவாதி தொம்மாசோ கம்பனெல்லாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஜியோவான்னி. இரண்டு பையன்களும் ஒரே ஆளின் இரண்டு பாதிகள் என்று சிலர் வாசிப்பது இதனால்தான்.) பூனையாக்கியவர் ஹிரோஷி மசுமுரா என்ற காமிக்ஸ் ஓவியர். பூனைகளும் மனிதர்களும் சேர்ந்து வாழும் கற்பனை நாடு ஒன்றை வரைந்து பெயர் வாங்கியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் மியாசாவாவின் கதைகளைப் பூனைகளை வைத்தே காமிக்ஸாக வரைந்தார். சுகீ அந்தப் பூனைகளைப் படத்துக்கு எடுத்துக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மியாசாவா தனக்குப் பூனை என்றாலே ஆகாது என்று ஒரு சிறு குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் அவர் கதைகளில் பூனைகளுக்குக் குறைச்சல் இல்லை.

படத்தைப் பார்க்காமல் இதைக் கேட்டால் மூலத்தைக் கெடுத்துவிட்டார்களே என்றுதான் தோன்றும். பார்த்தால் புரியும். மனித முகம் வரைந்தாலே அது ஏதாவது ஒரு நாட்டு முகமாகிவிடும், ஏதாவது ஒரு வயதாகிவிடும். அதிலும் அனிமேஷனில் அழும் பிள்ளையின் கண்ணை வரைந்துவிட்டால் மற்ற வேலையைக் கண்ணீரே பார்த்துக்கொள்ளும். பூனை முகத்தில் அந்த வசதி கிடையாது. வட்டக் கண், சின்ன வாய், அவ்வளவுதான். கம்பனெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தன்னை அம்மா மன்னிப்பாளா என்று கேட்கிற இடத்தில் அந்த முகத்தில் நமக்குப் படிக்க ஒன்றுமே இல்லை. அவனுக்குத் தெரியும், நமக்கு இன்னும் தெரியாது. டாக்டரை வெட்டி மியாசாவா செய்ததையே சுகீ முகங்களை எடுத்துவிட்டுச் செய்கிறார்.

எஸ்பெராண்டோவும் அப்படித்தான். படத்தில் அத்தியாயத் தலைப்புகள் எஸ்பெராண்டோ மொழியில் வருகின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அந்தப் பொதுமொழியை மியாசாவா 1926ல் டோக்கியோவுக்குப் போயிருந்தபோது படித்தார். தன் இவாத்தே மாநிலத்துக்கே எஸ்பெராண்டோ சாயலில் 'இஹாதோவ்' என்று பெயர் சூட்டி அதைத் தன் கதைகளின் நாடாக்கிக்கொண்டார்.

ஆனால் இதெல்லாம் ஆகாயத்தில் கட்டிய கோட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ரயில் பாதை ஹனமாக்கியில் நிஜமாகவே இருந்தது. 1913ல் ஓடத் தொடங்கிய இவாத்தே இலகு ரயில், தண்டவாள அகலம் வெறும் 762 மில்லிமீட்டர். ஊட்டி மலை ரயிலே ஒரு மீட்டர் அகலம் என்றால் இது எவ்வளவு சின்ன ரயில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில், இருட்டில், ஜன்னல் வெளிச்சங்களோடு அது ஊர்ந்து போவதை மியாசாவா தினமும் பார்த்திருக்கிறார். அந்தத் தடம்தான் பிறகு அகலப்படுத்தப்பட்டு இன்றைய கமாயிஷி தடமாக இருக்கிறது, 90 கிலோமீட்டர். அதன் ஒவ்வொரு நிலையத்துக்கும் எஸ்பெராண்டோவில் ஒரு செல்லப் பெயர். ஹனமாக்கிக்கு 'வானவில்', தோனோவுக்கு 'நாட்டார் கதை'. 2014 முதல் 2023 வரை கதையை நினைவுபடுத்தும் விதமாக நீராவி எஞ்சின் பூட்டிய ரயில் ஒன்றையும் அங்கே ஓட்டினார்கள்.

கதையில் ரயில் நிற்கும் இடம் ஒன்று 'பிளியோசீன் கடற்கரை'. பிளியோசீன் என்பது பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிலவியல் காலம். அங்கே ஒரு அறிஞர் ஆற்றுப் படுகையைத் தோண்டிப் பழைய காலத்து மாட்டின் எலும்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். பையன்கள் கல்லாகிப்போன வாதுமைக் கொட்டைகளைப் பொறுக்குகிறார்கள். இதுவும் ஹனமாக்கியில் உண்டு. கித்தக்காமி ஆற்றின் மேற்குக் கரையில் தண்ணீர் வற்றும்போது வெளுத்த களிப்பாறை வெளியே தெரியும். பார்க்க இங்கிலாந்தின் வெள்ளைச் சுண்ணாம்புக் கரைபோல இருக்கிறது என்று மியாசாவா அதற்கு 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று பெயர் வைத்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே அவர் கண்டெடுத்தவைதான் அந்தக் கொட்டைகள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வந்து ஆராய்ந்து கட்டுரையும் எழுதினார்.

வானத்துப் பாதையும் துல்லியமானது. சிக்னஸ் என்னும் அன்னத்தின் வடக்குச் சிலுவையில் தொடங்கி, பால்வீதியை ஒட்டியே தெற்காக இறங்கி, அன்னத்தின் அலகில் நீலமும் மஞ்சளுமாக இரட்டையாக மின்னும் அல்பிரியோவைக் கடந்து, விருச்சிகத்தின் சிவந்த இதயத்தைத் தாண்டி, தெற்குச் சிலுவையில் பெரும்பாலோர் இறங்க, அதன் பக்கத்தில் கருங்குழிபோலத் தெரியும் நிலக்கரிப் பையில் கதை முடிகிறது. நட்சத்திர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலையம் நிலையமாக விரல் வைத்துப் போகலாம்.

விருச்சிகத்தின் சிவந்த இதயம் நம்முடைய கேட்டை நட்சத்திரம். கதையில் அதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. பூச்சிகளைப் பிடித்துத் தின்று வாழ்ந்த தேள் ஒன்று, மரநாயிடமிருந்து தப்பி ஓடும்போது கிணற்றில் விழுந்துவிடுகிறது. இப்படி வீணாகச் சாவதற்குப் பேசாமல் அதற்கு இரையாகியிருந்தால் ஒரு நாள் பசியாவது ஆறியிருக்குமே என்று வருந்தி, அடுத்த பிறவியிலாவது என் உடம்பு எல்லோருக்கும் பயன்படட்டும் என்று வேண்டுகிறது. அந்த உடம்புதான் இருட்டை விரட்டிக்கொண்டு எரியும் சிவப்புத் தீ. பசித்த புலிக்கு உடம்பைக் கொடுத்த போதிசத்துவர் கதையின் வாடை அதில் அடிக்கும்.

இதில் எனக்குத் தனிப்பட்ட ஒரு மகிழ்ச்சி. ஹனமாக்கி வட அட்சரேகை 39 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து தெற்குச் சிலுவை தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மியாசாவா தன் ரயிலின் சொர்க்க நிலையத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, புத்தகத்திலும் நட்சத்திர வரைபடத்திலும் பார்த்ததோடு சரி. நம் தென்கோடியில் இருப்பவர்களுக்கு அந்தக் குறை இல்லை. மே மாத நடுவில், வெளிச்சம் குறைந்த கடற்கரையில், நள்ளிரவு தாண்டி நின்றால் வடகிழக்கில் வடக்குச் சிலுவை ஏறிக்கொண்டிருக்கும், உச்சிக்குத் தெற்கே விருச்சிகம், தென்மேற்கில் தாழ்ந்து சாயும் தெற்குச் சிலுவை. தடம் முழுவதும், முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரை, ஒரே பார்வையில் தெரியும். அந்தத் தெற்குச் சிலுவையைத்தான் நாம் திரிசங்கு என்கிறோம். உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்டு நடுவானில் தலைகீழாகத் தொங்கும் ராஜா. உயிரோடு அந்த நிலையம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜியோவான்னியை அவன் தலைகீழாகவாவது பார்த்திருப்பான்.

சரி, மனிதர்கள். ரயிலில் பாதி வழியில் மூன்று பேர் ஏறுகிறார்கள். ஒரு இளைஞன், அவன் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறுமி, அவள் தம்பி. படத்தில் மூவரும் மனித உருவில்தான் வருகிறார்கள். இளைஞன் நடந்ததைச் சொல்கிறான்: கப்பல் பனிப்பாறையில் மோதியது, படகுகள் போதவில்லை. இந்த இரண்டு பிள்ளைகளையும் எப்படியாவது படகில் ஏற்றிவிடத்தான் நினைத்தேன். ஆனால் முன்னால் இன்னும் சின்னப் பிள்ளைகள் நின்றன, அவர்களைத் தள்ளிவிட்டுப் போக மனம் வரவில்லை. கதையில் கப்பலுக்குப் பெயர் இல்லை. யாருக்கும் பெயர் தேவைப்படவும் இல்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது மியாசாவாவுக்குப் பதினைந்து வயது.

அண்ணன் மகளின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜியோவான்னியின் ஊர் எங்கும் இல்லாத ஊர், அங்கே பூனைகள் இருக்கலாம். கப்பலிலிருந்து வருபவர்கள் செய்தித்தாளில் வந்த சாவிலிருந்து வருகிறார்கள். அவர்களைப் பூனையாக்கியிருந்தால் அந்தச் சாவும் கட்டுக்கதையாகிவிடும். தலைமுடி நனைந்து, காலில் செருப்பில்லாமல் மனிதக் குழந்தை ஒன்று எதிரே வந்து உட்காரும்போதுதான் இது என்ன ரயில் என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு முதல்முதலாக வருகிறது. அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

டைட்டானிக் விஷயம் இதோடு முடியவில்லை. படத்துக்கு இசையமைத்தவர் ஹருவோமி ஹொசோனோ. யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழுவின் மூலம் உலகமறிந்தவர். அவருடைய தாத்தா மசபூமி ஹொசோனோ டைட்டானிக்கில் பயணம் செய்த ஒரே ஜப்பானியர், உயிர் தப்பியவர். வேலையோ ரயில்வே அதிகாரி. ரஷ்ய ரயில்வேயைப் படித்து வர அரசாங்கம் அனுப்பி, ஊர் திரும்பும் வழியில் இரண்டாம் வகுப்பில் வந்துகொண்டிருந்தார். படகை இறக்கும்போது இன்னும் இரண்டு பேருக்கு இடமுண்டு என்று குரல் கேட்டது. ஒருவர் குதித்தார், பின்னாலேயே இவரும் குதித்தார். ஜப்பானியன் என்ற பெயருக்கு இழுக்கு வராமல் மடிய வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டதையும், மனைவி மக்களை இனிப் பார்க்க முடியாதே என்ற துக்கம் அதை வென்றதையும் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எழுதிய தாள் டைட்டானிக்கின் பெயர் அச்சிட்ட தாள். பிற்காலத்தில் அடுத்தவரைத் தள்ளிவிட்டுப் படகேறிய கோழை என்று ஒரு பழி அவர்மேல் நிலைத்துவிட்டது. அவர் 1939ல் இறந்தார். அந்தக் கடிதத்தையும் மற்ற ஆவணங்களையும் ஒப்பிட்டு, அந்தப் பழிக்கு உரிய படகில் அவர் இருக்கவே இல்லை, பத்தாம் எண் படகில்தான் இருந்தார் என்று 1997ல்தான் தெளிவானது.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் காட்சியைப் பாருங்கள். பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ஏற மனம் வராத இளைஞன் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னணி இசை அமைப்பவர், படகில் ஏறியவரின் பேரன். 1985ல் அந்தக் குடும்பத்தின் மேலிருந்த பழி இன்னும் நீங்கியிருக்கவில்லை. ஹொசோனோ அந்த இடத்தில் உருகவில்லை, வயலின்களை அழவிடவில்லை. படம் முழுக்கவே அவர் இசை தூரத்து இயந்திரம் ஒன்று மூச்சு விடுவதுபோல, விட்டுவிட்டுத்தான் வருகிறது.

குறையும் சொல்ல வேண்டும். படம் ரொம்ப மெதுவானது. அச்சகக் காட்சியில் பையன் எழுத்துப் பொறுக்குவதை நாம் கிட்டத்தட்ட அவன் பொறுக்கும் வேகத்திலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்காது, அவர்களுக்குப் போட்டுக் காட்டவும் வேண்டாம். நடுவில் பறவை பிடிப்பவர் வருகிறார். நாரைகளைப் பிடித்து அமுக்கித் தட்டையாக்கி மிட்டாய்போல விற்கிற விசித்திர மனிதர். கதையில் அவருக்காக ஜியோவான்னி படும் இரக்கம் நெஞ்சைத் தொடும், படத்தில் அது சரியாகக் கைகூடவில்லை என்பது என் எண்ணம். குரல்களில் குறையே இல்லை. ஜியோவான்னிக்குக் குரல் கொடுத்த மயூமி தனாக்காவைப் பின்னாளில் 'ஒன் பீஸ்' தொடரின் லூஃபியாக உலகமே கேட்டது. கம்பனெல்லாவின் குரல் சிக்கா சக்கமோட்டோ, 'டோட்டோரோ' படத்தில் குட்டித் தங்கை மேயாகக் கூச்சல் போட்டவர். இரண்டு பேரும் இந்தப் படத்தில் பேசுவதைக் கேட்டால் அதே ஆட்கள்தானா என்று இருக்கும், அவ்வளவு அடக்கம்.

அந்த வருடத்து மைனிச்சி திரைப்பட விருதுகளில் அனிமேஷனுக்கான ஓஃபுஜி விருது இதற்குத்தான் கிடைத்தது. சுகீ 2012ல் மியாசாவாவின் இன்னொரு கதையையும் அதே பூனைகளோடு படமாக்கினார்.

கடைசிக் காட்சி. ஜியோவான்னி மலையிலிருந்து இறங்கிப் பண்ணைக்குப் போகிறான். விடுபட்டுப்போன பாலை இப்போது கொடுக்கிறார்கள், புட்டி இன்னும் சூடாக இருக்கிறது. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வரும் வழியில் பாலத்தருகே கூட்டம். கம்பனெல்லாவின் அப்பா ஆற்றங்கரையில் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார். இனிப் பயனில்லை, விழுந்து நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது என்கிறார். அழவில்லை. பிறகு இந்தப் பையனைப் பார்த்ததும், உன் அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது, இன்றைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே என்கிறார். நாளைக்குப் பள்ளி விட்டதும் எல்லோருமாக வீட்டுக்கு வாருங்கள் என்றும் சொல்கிறார். தன் பிள்ளை தண்ணீருக்குள் இருக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் அப்பா வரும் சேதியை ஒருவர் நினைவாகச் சொல்வதைப் பார்த்து அண்ணன் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

கதை தொடங்கியது வகுப்பறையில், ஒரு கேள்வியோடு. சிலர் ஆறு என்பார்கள், சிலர் பால் வழிந்த தடம் என்பார்கள், வானத்தில் அந்த வெள்ளையாகத் தெரிவது உண்மையில் என்ன? ஆகாயகங்கை, பால்வீதி என்று இரண்டு பெயரையும் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. அச்சக வேலையின் களைப்பில் ஜியோவான்னிக்குப் பதில் வாய்க்கு வரவில்லை. அவனுக்காகக் கம்பனெல்லாவும் தெரியாததுபோல நின்றுவிடுகிறான். அது பால் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நட்சத்திரமும் அதில் மிதக்கும் கொழுப்புத் துளி என்று ஆசிரியர் சொல்லிக்கொடுக்கிறார். உரக்கணக்குப் போட்ட வேளாண்மை வாத்தியார் அல்லாமல் வேறு யார் இப்படி எழுதுவார்கள்!

அந்தப் பால்தான் ஆறும் முன்னே வீடு சேர வேண்டும். அம்மா காத்திருக்கிறாள், அப்பா வருகிற சேதியும் சொல்ல வேண்டும். பையன் புட்டியைப் பிடித்துக்கொண்டு ஊரை நோக்கி ஓடுகிறான்.